காலி முகத்திடலிலிருந்து ஓவல் வரை: கொழும்பின் விளையாட்டு வரலாற்றைச் சைக்கிளில் பார்த்தல்

கொழும்பில் விளையாட்டு எங்கே வேர்விட்டது, எங்கெங்கே இடம்பெயர்ந்தது, இன்று எங்கே நிற்கிறது என்பதை அறிய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காலி முகத்திடலுக்குப் போங்கள் என்பதுதான். அங்கிருந்து விகாரமகாதேவி பூங்கா, பழைய குதிரைப் பந்தயத் திடல், சுதந்திர சதுக்கம், மெயிட்லன்ட் பிளேஸ் மைதானங்கள், கடைசியில் வனாத்தமுல்லையில் உள்ள ஓவல் கிரிக்கெட் மைதானம் என்று நிதானமாக மிதித்தாலும் ஒரு காலைப்பொழுதுக்குள் சுற்றி முடித்துவிடலாம். காரில் போகிறவருக்கு இந்த இடங்கள் எல்லாம் மதில்களாகவே தெரியும். சைக்கிள் ஆசனத்தில் இருப்பவருக்கோ பல மதில்களுக்கு மேலால் உள்ளே தெரியும். விரும்பிய இடத்தில் ஒரு காலை ஊன்றி நின்று பார்க்கவும் முடியும். பல ஆண்டுகளாக வெள்ளவத்தையிலிருந்து இந்தப் பாதையில் போய்வருகிறவன் என்ற முறையில், வழியில் நான் அறிந்துகொண்டவற்றை, பிறருக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

காலி முகத்திடலில் ஒரு சிறிய நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவுசெய்த நடைபாதையை, கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதித் தமக்குப் பின்வருவோரின் கவனத்துக்கு விட்டுச்செல்வதாக அக்கல் கூறுகிறது. பட்டம் விடவும் இறால் வடை சாப்பிடவும் வருகிற பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். நின்று வாசிக்க வேண்டிய கல் அது என்பது என் எண்ணம். ஏனெனில், இந்நகரத்தின் பொதுவெளி யாருக்காக என்பதை அது வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது.

அன்றைய திடல் இன்று நாம் காணும் கீற்றுப் புல்வெளி அன்று. கடற்கரையிலிருந்து பேரை வாவிப் பக்கம்வரை விரிந்து கிடந்த நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயம் இங்கேதான் நடந்தது. 1879ஆம் ஆண்டு இந்தத் திடலுக்கு மிக முக்கியமான ஆண்டு. கொழும்பு கோல்ஃப் கழகம் அந்த ஆண்டில் உருவாகி இங்கே ஆடத் தொடங்கியது. இலங்கையின் முதலாவது றகர் (ரக்பி) ஆட்டமும் அதே ஆண்டில் இங்கேதான் ஆடப்பட்டது. பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமிக்கும் புனித தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் தொடரும் அதே 1879இல் தொடங்கியது. அந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் அணியில் இருந்தார்கள். 1880 முதல் மாணவர்கள் மட்டும் ஆடினார்கள். அக்கடமி மாணவர்கள் படகுகளில் பேரை வாவியைக் கடந்து ஆட்டத்துக்கு வந்தார்கள் என்ற செய்தி இன்றும் சொல்லப்படுகிறது. அவர்கள் ஆடிய நிலத்தில் இப்போது ஒரு பெரிய ஹோட்டல் நிற்கிறது.

இந்த ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த ஒன்று, அவற்றைச் சுற்றி மதில் இருக்கவில்லை என்பது. குதிரை வண்டியில் வந்த துரைமார் வண்டியில் இருந்தபடியும், கோட்டையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியும், ஒரே ஆட்டத்தைப் பார்க்கக்கூடிய வெளி அது. விளையாட்டை ஆடும் உரிமை அன்று மிகச் சிலருக்கே இருந்தது. ஆனால் பார்க்கும் வாய்ப்பு வழிப்போக்கனுக்கும் இருந்தது. கொழும்பின் பிற்கால விளையாட்டு வரலாற்றை இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பலவும் விளங்கும்.

திடலுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அலைத்தூவல் வீதிவரை வரும். கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பு, செயினின் கண்ணிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். ஈரத்தின்மேல் எண்ணெய் விட்டால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். அடுத்த வாரம் மிதிக்கும்போது செயின் கரகரவென்று முறையிடும்.

திடலிலிருந்து விளையாட்டுகள் ஒவ்வொன்றாக உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தன. குதிரைப் பந்தயம் 1893இல் கறுவாத்தோட்டத்துக்குப் போனது. கோல்ஃப் 1896இல் பொரளைப் பக்கம் போனது. நகரம் வளர்ந்ததும் கடலோர நிலத்தின் மதிப்பு ஏறியதுமே இதற்குக் காரணங்கள். கறுவாத்தோட்டத்தில் அன்று இடம் நிறைய இருந்தது.

திடலிலிருந்து மூன்று கிலோமீற்றருக்குள் விகாரமகாதேவி பூங்கா வந்துவிடும். சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா நகரத்துக்கு நன்கொடையாகக் கொடுத்த நிலம் அது. பழைய ஆட்கள் இன்றும் விக்டோரியா பார்க் என்றே சொல்லுவார்கள். பெயர் மாறியது 1958இல். இன்று அங்கே போகிறவர்கள் பூமரங்களையும் புத்தர் சிலையையும், எதிரே 1928இல் கட்டி முடிக்கப்பட்ட வெள்ளை நிற மாநகர மண்டபத்தையும் காண்பார்கள். அங்கே ஒரு கிரிக்கெட் மைதானம் இருந்தது என்பதும், 1920களில் வைத்தியர் ஜோன் றொக்வூட் என்ற தமிழர் திரட்டிய இலங்கை அணி, வங்காளத்திலிருந்து வந்த அணியுடன் முதல்தர ஆட்டம் ஒன்றை அங்கே ஆடியது என்பதும் பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது பூங்காவை இராணுவம் எடுத்துக்கொண்டது. அவுஸ்திரேலியப் படையணி ஒன்று அங்கே தங்கியிருந்தது. போருக்குப் பின் சீரமைக்கப்பட்டு 1951இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, அது விளையாட்டுத் திடலாக இல்லாமல் உலாவும் பூங்காவாகவே மீண்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பூங்கா அழகானதுதான். ஆயினும் மர நிழலில் உட்கார்ந்து ஒரு முழுநாள் ஆட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பு நகரத்தின் நடுவிலிருந்து அன்றோடு போய்விட்டது.

பூங்காவின் உள்ளே போகாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள வீதிகள் சைக்கிளுக்கு உகந்தவை. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஓவியர்கள் வேலியோரம் படங்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள், இருபுறமும் மரங்கள். மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்த மரங்களே ஆபத்தும் ஆகும். உதிர்ந்த இலையும் பூவும் தண்ணீரில் ஊறி வீதியில் ஒட்டிக்கிடக்கும்போது, வளைவில் சைக்கிளைச் சரிக்கக் கூடாது. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்தபடி திரும்ப வேண்டும். வெள்ளைக் கோடுகளின் மேலும் அப்படித்தான். வடிகான்களின் இரும்புக் கம்பி மூடிகள் சில இடங்களில் வீதியின் போக்கிலேயே நீளவாட்டில் போடப்பட்டிருக்கின்றன; மெல்லிய டயர் அதற்குள் இறங்கிவிடும். அதற்காக வீதியின் ஓரத்திலேயே ஒட்டிப் போகாமல், ஒரு முழம் உள்ளே தள்ளி மிதிப்பதே பாதுகாப்பு. நிறுத்திவைத்த வாகனங்களைக் கடக்கும்போது கதவு திறக்கும் அளவு இடம் விட வேண்டும். முச்சக்கரவண்டி முன்னால் போனால் அதன் முன்சில்லைப் பார்க்க வேண்டும். சமிக்ஞை விளக்கு எரியாவிட்டாலும் சில்லு திரும்புவது அது எந்தப் பக்கம் வெட்டப்போகிறது என்பதைச் சொல்லிவிடும்.

என் அப்பா 1960களில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்தவர். அவருடைய றலி சைக்கிளும் யாழ்தேவி ரயிலில் கூடவே வந்தது. சைக்கிளுக்கு ஆண்டுதோறும் உள்ளூராட்சி சபையில் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டிய காலம் அது. இரவில் டைனமோ விளக்கு இல்லாமல் போனாலோ, இன்னொருவரை ஏற்றிச் சென்றாலோ பொலிஸார் மறிப்பார்கள். இருந்தும் ஆட்டம் இருக்கும் நாட்களில் வேலை முடிந்து வரும் வழியில் மைதான வேலியோரம் நின்றுவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வருவார். சைக்கிளை வேலியில் சாத்தி, கரியரில் ஒரு காலை வைத்து, ஒரு மணித்தியாலம் நின்று பார்ப்பார். கொழும்பில் அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். சைக்கிளும் விளையாட்டுப் பார்ப்பதும் இந்நகரத்தில் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று நான் சொல்வது இதனால்தான். றோயல், தோமஸ் மாணவர்கள் தங்கள் வருடாந்தக் கிரிக்கெட் ஆட்டமான பெரும்போட்டிக்கு முன்னர் கல்லூரிக் கொடிகளோடு சைக்கிள் ஊர்வலம் போகும் வழக்கமும் அந்தப் பிணைப்பின் மிச்சமே.

சைக்கிளோட்டமே ஒரு விளையாட்டாகவும் இங்கே வேரூன்றியிருந்தது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மொரிஸ் கூர் இலங்கைக்காகச் சைக்கிளோட்டத்தில் பங்குபற்றினார். பின்னர் மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் பெருகியதும் நகரத்து வீதிகளில் சைக்கிள் குறைந்தது. வடக்கில் நிலைமை நேர்மாறாக இருந்தது. எரிபொருள் தடைப்பட்ட போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. கொழும்பில் உள்ளவர்களுக்கு அந்தப் பாடம் 2022இல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பதே நிறுத்தப்பட்டபோது, பல வீடுகளில் பின்வளவில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. அவற்றில் பல மீண்டும் வளவுக்கே போய்விட்டன என்பது உண்மை. ஆனால் போகாதவையும் உண்டு.

சைக்கிள் பந்தயம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நெடுந்தூர வீதிப் போட்டியைப் பார்க்க முடிவுக்கோட்டுக்குப் போவது பெரும்பாலோர் செய்வது. ஆனால் அங்கே கூட்டத்தின் முதுகுதான் தெரியும். வீரர்கள் சில விநாடிகளில் பறந்துவிடுவார்கள். கறுவாத்தோட்டம் போன்ற இடங்களில் வைக்கப்படும் சுற்றுப்போட்டிதான் பார்ப்பவருக்கு விருந்து. ஒரே வளைவில் நின்றால் போதும். திரும்பத் திரும்ப வருவார்கள். முதல் சில சுற்றுகளில் எல்லோரும் ஒரே கூட்டமாக வருவதுபோலத் தெரியும். அப்போது முன்னால் போகிறவரை விட்டுவிட்டு, மூன்றாவது நான்காவது இடத்தில் இருப்பவரைப் பாருங்கள். முன்னவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னவர் அந்த மறைவில் குறைந்த உழைப்பில் வருகிறார். யார் எப்போதும் முன்னுக்குப் போகாமல் மறைவிலேயே இருக்கிறாரோ அவரே கடைசிச் சுற்றுக்குச் சக்தியைச் சேமிக்கிறார். வளைவின் உட்பக்கத்தில் ஒருபோதும் நிற்கக் கூடாது, ஏனென்றால் சாயும் சைக்கிளின் பெடலும் தோளும் எல்லைக் கயிற்றுக்கு மேலால் வரும். வெளிப்பக்கமும் ஆபத்தானது, சறுக்கி விழுகிறவர் அங்கேதான் வருவார். வளைவு முடிந்து வீதி நேராகும் இடம், உட்பக்கத்து நடைபாதையில் ஒரு மரத்துக்குப் பின்னால் என்பது என் தெரிவு. கூட்டம் கடந்துபோனதும் வீதியைக் கடக்கலாம் என்று நினைத்து இறங்கவும் கூடாது. பின்தங்கிய ஒருவர் தலையைக் குனிந்தபடி தனியே வந்துகொண்டிருப்பார். அவர் உங்களைப் பார்க்க மாட்டார். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வது அந்த நேரத்தில்தான் மிக அவசியம்.

றோயல் கல்லூரிக்கு அருகில் உள்ள பழைய குதிரைப் பந்தயத் திடல், விளையாட்டைப் பார்க்கும் இடம் ஒன்று போரால் எப்படி உருமாறும் என்பதற்குச் சான்று. 1942இல் பந்தயத் திடலே ஓடுபாதையானது. அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, அவர்கள் அறிந்திராத இந்த ஓடுபாதையிலிருந்து ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பின. குதிரைப் பந்தயம் 1950களில் நின்றுபோனது. இன்று அங்கே றகர் மைதானமும், பழைய பார்வையாளர் மண்டபத்தில் கடைகளும் உள்ளன. மண்டபத்தின் மேற்படிகளில் நின்று பார்த்தால் குதிரைகள் ஓடிய நீள்வட்டம் இப்போதும் ஓரளவு புலப்படும்.

பக்கத்திலுள்ள சுதந்திர சதுக்கத்தில்தான் என் மகள் சைக்கிள் பழகினாள். பிள்ளைக்குப் பழக்குகிறவர்கள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவதை விட்டுவிடலாம். இரண்டு பெடல்களையும் கழற்றி, ஆசனத்தை இறக்கி, பாதம் முழுவதும் தரையில் படும்படி வைத்துவிட்டால் பிள்ளை தானே காலால் உந்தி உந்திப் போகும். சமநிலை வந்த பிறகு பெடலைப் பூட்டினால் போதும். இடது பெடலின் மரை மற்றதற்கு எதிர்த்திசையில் சுழலும் என்பதைக் கழற்றும்போது நினைவில் வைத்திருக்க வேண்டும். "அப்பா, நீங்கள் அங்காலை போங்கோ, நான் தனிய வாறன்" என்று அவள் சொன்னது பெடல் பூட்டிய அன்றேதான்.

மெயிட்லன்ட் பிளேஸில் மூன்று கிரிக்கெட் கழகங்களின் மைதானங்கள் அருகருகே இருக்கின்றன. எஸ்.எஸ்.சி. என்ற சிங்கள விளையாட்டுக் கழகம் 1952இல் இங்கே இடம்பெயர்ந்து வந்தது. 2006இல் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 624 ஓட்ட இணைப்பாட்டம் புரிந்தது இங்கேதான். மஹேல 374 ஓட்டங்கள் எடுத்தார். அயலில் உள்ள சி.சி.சி. என்ற கொழும்பு கிரிக்கெட் கழக மைதானத்தில் 1987 ஏப்ரலில் பிரெண்டன் குருப்பு, நியூசிலாந்துக்கு எதிராகத் தமது முதலாவது டெஸ்ட் போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் 201 ஓட்டங்கள் எடுத்தார். நியூசிலாந்து அணியின் அந்தச் சுற்றுப்பயணம், கொழும்பு மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து அத்தோடு நின்றுபோனது. குருப்புவின் இரட்டைச் சதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேருந்து நிலையத்தில் இறந்தவர்களையும் நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. கொழும்பில் பார்வையாளனாக இருந்த என் தலைமுறையினருக்கு இரண்டும் ஒரே மாதத்து நினைவு.

கழக ஆட்டம் ஒன்றைப் பார்க்கும்போது எங்கே நிற்பது என்பதை அப்பாதான் சொல்லித்தந்தார். பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஆடுகளத்துக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். பந்து எவ்வளவு தூரத்தில் குத்துகிறது, துடுப்பாட்டக்காரர் முன்காலில் ஆடுகிறாரா பின்காலில் ஆடுகிறாரா என்று பார்க்க வேண்டுமானால் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முதல் மணித்தியாலம் நேரே, பிறகு பக்கத்தில் என்பது அவருடைய ஒழுங்கு. நேரே நிற்கும்போது, பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கிய பின் அசையக் கூடாது. வெள்ளைத் திரைக்கு அருகில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் ஆட்டமே நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வழக்கமாக நின்று பார்க்கும் ஒரு மைதானத்தின் கம்பி வேலிக்கு உட்புறமாகத் தகரம் அடித்துவிட்டார்கள். ஒரு நாள் அந்தத் தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்றின் வழியே ஒரு முதியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை நிறுத்தியதும், "தம்பி, முந்தி இதிலை நிண்டு எல்லாம் பாத்தனாங்கள். காசு குடுக்காமல் பாக்கிறவனாலை அவைக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார். "ஒரு நட்டமும் இல்லை ஐயா" என்றேன். சர்வதேச ஆட்டத்துக்குச் சீட்டு வேண்டும் என்பது நியாயம். மாணவர்களும் கழக வீரர்களும் வெறுமையான இருக்கைகளுக்கு முன்னால் ஆடும் சாதாரண நாளில் வழிப்போக்கனின் பார்வையை மறைப்பதால் விளையாட்டுக்கு இழப்பே தவிர வேறொன்றும் இல்லை. பார்த்துப் பழகாத பிள்ளை ஆட வராது. மதில் அவசியம் என்றால் ஒரு பக்கமாவது கம்பி வேலியாக விடலாம். வேலியோரம் நாலு சைக்கிள் சாத்த ஓர் இரும்புக் குழாய் போடலாம். அதற்குப் பெரிய செலவு கிடையாது.

கடைசியாக வனாத்தமுல்லை. 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் இது. கொழும்பு ஓவல் என்ற பெயர் 1977இல் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயராக மாறியது. 1948 மார்ச்சில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் இங்கே ஆடியது. இலங்கை அணிக்குத் தலைவர், 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்த மகாதேவ சதாசிவம். அன்று ஆடுகளம் 22 கெஜத்துக்குப் பதில் 20 கெஜ நீளமே இருந்தது என்பது ஆட்டத்தின் நடுவில் தெரியவந்தது. இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி 1982 பெப்ரவரி 17இல் இங்கே தொடங்கியது. பாடசாலை மாணவராக இருந்த அர்ஜுன ரணதுங்க நாட்டின் முதல் டெஸ்ட் அரைச்சதத்தை எடுத்தார். முதல் டெஸ்ட் வெற்றியும் இங்கேதான், 1985 செப்டெம்பரில், இந்தியாவுக்கு எதிராக. முத்தையா முரளிதரனும் இந்தக் கழகத்துக்காக ஆடியவர்.

ஓவலுக்குப் போகும் வழியில் பேஸ்லைன் வீதியைத் தவிர்ப்பது நல்லது. கனரக வாகனங்கள் சைக்கிளுக்கு இடம் விடுவதில்லை. பொரளைப் பக்கத்து உள்வீதிகளால் போகலாம். ஆட்டம் இல்லாத நாளிலும் வாசலில் நிற்பவரிடம் மரியாதையாகக் கேட்டால், சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைப்பதுண்டு. பூட்டைச் சில்லில் மட்டும் போடாமல் சட்டத்தையும் சேர்த்து ஒரு கம்பத்தில் போடுங்கள். பொரளைச் சந்தியில் ஒன்பது மணிக்குப் பிறகு பேருந்துகள் நெருக்கும் என்பதால், அதற்கு முன் புறப்பட்டுவிட வேண்டும். வெள்ளவத்தைக்கு மரைன் டிரைவ் வழியாகத் திரும்புகிறவர்கள், பருவக்காற்றுக் காலத்தில் கொள்ளுப்பிட்டியிலிருந்து எதிர்க்காற்று இருக்கும் என்பதை எதிர்பார்த்து, கியர் உள்ள சைக்கிளானால் முன்கூட்டியே இறக்கிக்கொண்டு மிதியுங்கள்.